தொட்டிக்குள் இறங்கும் கை

சான்பிரான்சிஸ்கோ கடலில் சிங்கமீன் கிடையாது. இருந்தும் அந்த வட்டாரத்து நச்சுத் தகவல் மையத்துக்கு ஐந்தாண்டுகளில் வந்த தேள்மீன் குடும்பக் கொட்டுகள் 51இல் 45, சிங்கமீன் குத்தியவை. 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான கணக்கு இது. மீன் குத்தியது கடலில் குளித்தவர்களை என்று நினைத்துவிட வேண்டாம், கண்ணாடித் தொட்டியில் அதை வளர்த்தவர்களைத்தான். பவளப்பாறையில் இந்த மீன் ஆளைத் துரத்திப்போய்க் கொட்டுவதில்லை. நெருங்கினால் துடுப்புகளை விசிறிபோல் விரித்து முதுகைக் காட்டும். வந்தவர் விலகிப்போக இடமிருக்கிறது. இருநூறு லிட்டர் தொட்டியில் அந்த இடம் இல்லை. பாசி தேய்க்க முழங்கைவரை இறங்கும் கைக்கும் மூலையில் ஒதுங்கிய மீனுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். எனவே இந்தக் காயங்களுக்குக் காரணத்தை மீனின் குணத்தில் தேடுவதைவிடத் தொட்டியின் அளவிலும் வளர்ப்பவரின் கைப்பழக்கத்திலும் தேடுவதே சரி.

முள்ளின் அமைப்பும் இதையே சொல்கிறது. பாம்புக்கு நஞ்சைப் பீய்ச்சத் தசை உண்டு. சிங்கமீனுக்கு அது இல்லை. முதுகில் 13, அடிவயிற்றில் 2, குதத் துடுப்பில் 3 என நச்சு முள்கள் 18. ஒவ்வொரு முள்ளிலும் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள், அவற்றுக்குள் நஞ்சுத் திசு, எல்லாவற்றையும் மூடித் தளர்வான ஒரு தோலுறை. முள் சதையில் ஏறும்போது உறை கீழே சுருண்டு கிழிகிறது. நசுங்கிய திசுவின் நஞ்சு பள்ளம் வழியே காயத்துக்குள் போகிறது. அந்த அழுத்தத்தைக் கொடுப்பது பெரும்பாலும் நம் கைதான்.

இதனால் யார் செத்தார்கள், எதற்கு இவ்வளவு பயம் என்று கேட்கலாம். சாவு மிக அரிது என்பது உண்மை. ஆனால் மணிக்கணக்கில் நீடிக்கும் வலி, வீக்கம், சிலருக்குக் குமட்டல், மூச்சுத்திணறல் எல்லாம் சாவுக்குக் கீழே இருப்பதாலேயே அற்பமாகிவிடுமா? வெந்நீர் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இருக்கிறது, நஞ்சின் புரதங்கள் வெப்பத்தில் சிதைவதால், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை முக்கிவைத்தால் பெரும்பாலோருக்கு வலி இறங்குகிறது. ஆனால் வலியில் துடிக்கும் கைக்குச் சூடு உறைக்காது. மற்றக் கையால் தொட்டுப் பார்க்காவிட்டால் கொட்டோடு கொப்புளமும் சேரும். உள்ளே ஒடிந்த முள்ளையும் கடல்நீர்க் கிருமியையும் வெந்நீர் ஒன்றும் செய்யாது. அவை மருத்துவர் பார்க்க வேண்டியவை.

வளர்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாதா என்பதுதான் வலுவான மறுப்பு. சிங்கமீன் விஷயத்தில் தெரிந்திருக்கலாம், பேரே எச்சரிக்கிறது. பளீரென்ற மஞ்சள் உடலும் நரிமுகமும் கொண்ட ஃபாக்ஸ்ஃபேஸ் அப்படியில்லை. பாசி தின்னும் சாதுவான மீன் என்றே அது விற்கப்படுகிறது. ஆனால் அது நச்சு முள் கொண்ட நம் கடலோரத்து ஓரா மீனின் இனம். வலையிலிருந்து ஓராவைக் கழற்றும் மீனவருக்கு அதன் முள்ளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதே இனத்தைக் காசு கொடுத்து வாங்கும் நகரவாசிக்குத்தான் சொல்ல ஆள் வேண்டும். விற்பவர் அதைச் சொல்வது மீனின் விலைக்குள் அடங்கிய கடமை. துடுப்பு சிக்கும் வலைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பாவால் மீனை மொள்ளலாம், கண்ணாடியைக் காந்தத் தேய்ப்பானால் வழிக்கலாம் என்பதையும் கூடவே சொல்லலாம். செத்து மிதக்கும் மீனை வெறுங்கையால் எடுக்கக் கூடாது என்பதையும்: உயிர் போன பிறகும் முள்ளில் நஞ்சு இருக்கும்.