அறை அறையாக எழுந்த வீடு

புத்தளம் நகரை அடுத்துள்ள தில்லையடியில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்து, அதன் அறைகளை எவ்விதம் ஒழுங்கு செய்யலாம், எவ்விதம் அலங்கரிக்கலாம் என்று யோசனை சொல்ல முற்படுகிறவர், அங்குள்ள பல வீடுகள் ஒரே வரைபடத்தின்படி ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கையில் சிறிது காசு சேர்ந்த வருஷத்தில் ஓர் அறையும், மகனொருவன் மத்திய கிழக்கிலிருந்து பணம் அனுப்பிய வருஷத்தில் இன்னோர் அறையும், மகளுக்குக் கலியாணம் பேசி முடித்த வருஷத்தில் முன் விறாந்தையுமாக, இருபது முப்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாக வளர்ந்த வீடுகள் அவை. ஆகையால் ஓர் அறையின் தரை மற்றதன் தரையிலும் பார்க்க நான்கு விரல் தாழ்ந்திருக்கும். ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்தது இப்போது நடுச்சுவராகி, அதிலிருந்த யன்னல் இரண்டு அறைகளுக்கும் பொதுவாக நிற்கும். கொழும்பிலும் சென்னையிலும் அச்சாகும் வீட்டலங்காரப் புத்தகங்கள் இத்தகைய வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அல்ல. அவற்றின் யோசனைகளை அப்படியே இங்கு பிரயோகித்தால் பணம் விரயமாவதோடு வீட்டின் லட்சணமும் கெட்டுப்போகும் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வீடுகள் இவ்வாறு எழுந்ததற்கான காரணத்தை இலங்கையில் அறியாதார் இல்லை. எனினும் இளந்தலைமுறையினருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் அயலிலும் வாழ்ந்தவர்கள், அம்மாதம் 30ஆந் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி அருகே ஒன்றுகூடுமாறு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டுப் போகும்படி பணிக்கப்பட்டார்கள். மாற்றுடையும் சொற்பப் பணமும் தவிர மற்றெல்லாவற்றையும் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு வந்தவர்களிற் பெருந்தொகையினருக்குப் புத்தளமே புகலிடமாயிற்று. அவ்வூர் மக்கள் தம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்நியரை வரவேற்கும் பழக்கம் அக்கரைக்குப் புதியதன்று. 1344ஆம் ஆண்டு காற்றினால் திசைமாறி அங்கு ஒதுங்கிய இப்னு பதூதாவை ஆரியச் சக்கரவர்த்தி உபசரித்து அனுப்பிய கதையும், அப்பட்டினத்து மதிலும் கொத்தளங்களும் மரத்தாலானவை என்று அந்த யாத்திரிகர் எழுதிவைத்த செய்தியும் சரித்திரம் படித்தவர்கள் அறிந்தவையே.

முதலில் அமைந்தவை கிடுகுக் குடிசைகள். கிடுகு குளிர்ச்சியானது, ஆயினும் மழைக்கு உக்கும், நெருப்புக்கு அஞ்சும், அடிக்கடி மாற்றி வேய வேண்டும். சில மாதங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்று எண்ணியவர்கள் அதற்குமேல் ஒன்றுங் கட்ட விரும்பவில்லை. மாதங்கள் வருஷங்களாகிப் பிள்ளைகள் வளர்ந்து கலியாண வயதை எட்டியபோதுதான், துண்டு நிலம் வாங்கிச் சிமெந்துக் கல் அடுக்கி ஓர் அறையாவது கட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஊன்றலாயிற்று. 2007ஆம் ஆண்டு உலக வங்கியின் நிதியுதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் பல குடும்பங்களுக்கு அத்திவாரத்தையும் கூரையையும் நிச்சயமாக்கிற்று. அன்று குடிசையிற் பிறந்த குழந்தை இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக அதே வளவில் வாழ்கிறாள் எனின், அவ்வீட்டைப் பழைய குடும்ப வீடு என்று அழைக்க வேறென்ன தகுதி வேண்டும்? நூறாண்டு நின்ற நாற்சார் வீட்டுக்கு உரிய மரியாதையில் சிறிதும் குறையாத மரியாதை இதற்கும் உரியது.

அறைகளை ஒழுங்கு செய்வதில் முதலில் எழுவது அதிகாரம் பற்றிய கேள்வி. வடபுலத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் வந்து சேருகிறவன். ஆகவே வீட்டின் மெய்யான எசமானி உம்மம்மாவோ, உம்மாவோ, மூத்த ராத்தாவோதான். அப்படியிருந்தும் வர்ணப்பூச்சுக்காரரை அழைக்கும்போதும், புதிய அலுமாரிக்கு அளவெடுக்கும்போதும், ஆண்களே முன் விறாந்தையில் கூடிப் பேசி முடிவெடுத்துவிடுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் அவ்வறைகளுக்குள் நடமாடுகிறவர்களைக் கேளாமல் செய்யப்படும் ஒழுங்கு ஆறு மாதங்கூட நிலைக்காது. அரிசிப் பானை எங்கே இருந்தால் குனிய வேண்டாம், நோயுற்ற கிழவியின் கட்டிலிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை படி, விருந்தினர் வந்தால் திரைச்சீலைக்கு உட்புறமாகக் குசினிக்குச் செல்ல வழியுண்டா என்பன போன்ற விஷயங்கள் பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் ஒரு கதிரையையேனும் இடம்மாற்ற வேண்டும்.

இனி, தில்லையடி வீட்டின் தனிப் பிரச்சினைக்கு வருகிறேன். அது மேற்குத் திசை. புத்தளத்துக் களப்பு மேற்கே கிடக்கிறது. உப்பளங்கள் அதன் ஓரத்தில் விரிந்திருக்கின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் கச்சான் காற்றும் சோழகமும் அந்தப் பக்கத்திலிருந்தே மணலையும் உவரையும் வாரிக்கொண்டு வருகின்றன. பிற்பகல் வெயில் முழுவதும் அந்தச் சுவரிலேயே இறங்குகிறது. அதே வேளையில் கிப்லாவும் ஏறக்குறைய அதே திசையில், மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து அமைந்திருக்கிறது. காற்றும் வெயிலும் உப்பும் தொழுகையும் ஒரே சுவரில் வந்து சந்திக்கின்ற வீடு இது. ஆதலால் மேற்குச் சுவரை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தே மற்றெல்லா ஒழுங்கும் அமையும்.

இச்சுவரில் பலரும் மனம் நொந்து சொல்லும் குறை, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்வதுதான். இதன் காரணம் மறைவானதன்று. காற்றிலும் மண்ணிலும், சில வேளைகளில் சுவர் பூசிய மணலிலும் நீரிலுமே கலந்திருக்கும் உப்பு ஈரத்திற் கரைந்து சுவருக்குள் ஊறுகிறது. வெயிலில் ஈரம் உலரும்போது உப்பு மணிகளாகத் திரண்டு, தன்னைச் சூழ்ந்த பூச்சை வெளியே தள்ளுகிறது. அந்நிலையில் விலையுயர்ந்த பிளாஸ்டிக் வர்ணத்தை இரண்டு முறை பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் போகிறது. வர்ணம் கொப்புளமாகப் பொங்கி அடுத்த வருஷமே உரிந்து விழுகிறது. சுண்ணாம்புப் பூச்சோ சுவரை மூச்சுவிட விடுவது. எண்ணெய் வர்ணமோ பிளாஸ்டிக் வர்ணமோ முன்பு படாத சுவரில், பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் நன்றாகத் துடைத்தெடுத்த பின், நீற்றுச் சுண்ணாம்பை மெல்லியதாக மூன்று தடவை பூசினால் செலவும் குறைவு, அழகும் தூய்மையானது. கழுவினால் உப்பு மறுபடியும் கரைந்து உள்ளே இறங்கிவிடும் என்பதை வேலையாட்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நீலமோ மஞ்சட் காவியோ சிறிது கலந்தால் அறைக்கு ஒரு தனி ஒளி வரும். நம் பாட்டன்மார் வீடுகளில் கண்ட ஒளி அதுதான்.

அந்தச் சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்கக் கூடாது. வைத்தால் பின்பலகையில் பூஞ்சணம் பிடிக்கும், உடுப்பில் பழுப்புப் புள்ளி விழும், கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. கட்டிலையும் அங்கே போடலாகாது. வெயிலில் காய்ந்த சுவர் இரவு நெடுநேரம் அனல் கக்கும். மேற்கே கால் நீட்டிப் படுப்பதை மரியாதைக் குறைவாகக் கருதும் வழக்கமும் இங்குண்டு. எனவே கட்டில் உட்சுவரை அண்டி, தெற்கு வடக்காகக் கிடப்பதே உத்தமம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக்கொண்டே வந்தால், மேற்குச் சுவர் வெறுமையாக மிஞ்சுகிறது. தொழுகைப் பாயை விரிக்கவும், கலியாணத்துக்கோ மௌலூதுக்கோ பாய் விரித்து வரிசையாக உட்காரவும் அந்த வெறுமைதான் வேண்டியிருக்கிறது. சமய வழக்கமும் சீதோஷ்ணமும் ஒரே தீர்ப்பைச் சொல்லும் இந்தப் பொருத்தத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அச்சுவரில் ஒரு திருவசனச் சட்டகம் போதும். நான்கும் ஐந்துமாகக் கண்ணாடிப் படங்களை மாட்டி, அவற்றின் நடுவே நாட்காட்டியையும் மணிக்கூட்டையும் தொங்கவிடுவது அதன் கம்பீரத்தைக் குலைத்துவிடும்.

யன்னல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்புக் கம்பி இக்காற்றில் துருப்பிடிப்பதைத் தடுக்க வருஷந்தோறும் சுரண்டி வர்ணம் பூசியே தீர வேண்டும். மரக்கதவு போட்ட யன்னலோ வேலையும் குறைவு, கச்சான் மணலையும் தாங்கும். பட்டுப்போல் பளபளக்கும் கனத்த திரைச்சீலைகள் இங்கு வேண்டா. மெல்லிய பருத்திச் சீலை காற்றையும் மறைக்காது, மானத்தையும் காக்கும், மாதமொரு முறை துவைத்துக் காய வைக்கவும் இலகுவானது. கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின், விசிறி மாட்டவோ விளக்குத் தொங்கவிடவோ அதில் துளையிடக் கூடாது; சுரண்டவும் கூடாது. அத்தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. பாரமானவற்றைச் சலாகையிலேயே தாங்கவிடுதல் வேண்டும்.

தளபாடங்களைப் பொறுத்தவரை என் யோசனை மிகச் சுருக்கமானது: நகர்த்தக் கூடியதை வாங்குங்கள். நோன்புக் காலத்தில் பத்துப் பேரும் பெருநாளில் முப்பது பேரும் சகனைச் சுற்றியமர்ந்து உண்ணும் வீட்டில், அறையின் பாதியை விழுங்கும் சோபாத் தொகுதி ஓர் இடைஞ்சலேயன்றி அலங்காரமன்று. பாய்களும் தலையணைகளும் அடுக்க ஆழமான ஒரு பெட்டகமும், மடக்குக் கதிரைகள் சிலவும், முதியவருக்கென ஒரு சாய்மனைக் கதிரையும் இருந்தால் முன்னறை நிறைந்தது.

வீட்டின் முதல் அறையைப் பற்றி நான் கவலையோடு எழுத வேண்டியிருக்கிறது. கிடுகு நின்ற இடத்தில் முதன்முதலாகக் கல் வைத்துக் கட்டிய அந்தச் சின்ன அறை இப்போது வீட்டின் நடுவில் வெளிச்சங் குறைந்து, பழைய சாமான்கள் குவிந்து கிடக்கும். வீட்டைத் திருத்தும்போது அதைத்தான் முதலில் இடித்துவிட எண்ணுகிறார்கள். இடிக்க வேண்டாமென்று வேண்டிக்கொள்கிறேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடோ ஒளிபுகும் தகடோ பதித்தால் வெளிச்சம் வந்துவிடும்; பொதுச் சுவரின் மேற்பகுதியில் சிமெந்துக் கிராதி வைத்தால் காற்றும் வரும். அவ்வறையை ஏடுகளுக்கும் ஞாபகப் பொருட்களுக்கும் உரியதாக்கலாம். விட்டு வந்த வீட்டின் திறப்பு, காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பங்கீட்டு அட்டை, முகாமில் எடுத்த நிழற்படம் ஆகியவை அலுமாரித் தட்டுகளிலும் மெத்தைக்கு அடியிலும் சிதறிக் கிடப்பதை ஒரே இடத்திற் சேர்ப்பது அலங்காரத்தினும் மேலான காரியம். ஊர் திரும்பிக் காணி கோரியவர்களிற் பலர் உறுதி இல்லாமையால் பட்ட சிரமத்தை அறிந்தவர்கள் இதை மிகையென்று கருதார். பழைய உறுதிகளைப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிட வேண்டா. சூடும் பசையும் தாளைக் கெடுத்துவிடும், ஒட்டியதைப் பின்னர் பிரித்தெடுக்கவும் இயலாது. பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, மூலத்தைப் பருத்தித் துணியில் சுற்றித் தரையில் படாத உலர்ந்த பெட்டியில் வைத்தல் நலம். நிழற்படத்தின் பின்புறத்தில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மெல்லிய பென்சிலால் எழுதிவிட வேண்டும்.

கொழும்பில் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய முற்றத்து வீட்டை, அந்த இடம் கைமாறியபோது கல்லுக்குக் கல் எண்ணிட்டுப் பிரித்தெடுத்து, பெந்தோட்டையை அடுத்த லுனுகங்கையில் மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். போற்றத்தக்க முயற்சி அது. சோனகத் தெருவிலும் மன்னாரின் கிராமங்களிலும் விடப்பட்ட வீடுகளுக்கோ அப்படி எண்ணிட ஒருவரும் இருக்கவில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின் திரும்பிச் சென்று பார்த்தவர்களிற் பலர் கண்டவை ஓடும் நிலையும் கதவும் களவுபோன, சுவருக்குள் மரம் முளைத்த எச்சங்கள். அவ்வீடுகளின் அமைப்பு இன்று எஞ்சியிருப்பது அவற்றில் வாழ்ந்த முதிய பெண்களின் மனத்தில் மட்டுமே. எந்த அறைக்கு எத்தனை வாசல், மாவிடிக்கும் உரல் எங்கே கிடந்தது, பிரசவ அறை எது, மாதுளை எந்த மூலையில் நின்றது என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு. அன்று திருமணமாகிப் பிள்ளை பெற்றிருந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள்.

ஆகையால் வாசகர்களிடம் நான் கேட்பது இது: ஐப்பசியில் வாடை மழை தொடங்குமுன் சுவருக்குச் சுண்ணாம்பு பூசத் தொடங்கும்போது, வீட்டிலுள்ள உம்மம்மாவை அருகில் அமர்த்தி, விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை அவர் சொல்லச் சொல்ல ஒரு பேரப்பிள்ளை கோடிட்டு வரையட்டும். அறைகளின் பெயர், வாசல்களின் திசை, அளவு அடியில், கட்டிய ஆண்டு, வரைந்த தேதி ஆகியவற்றைக் குறித்து, காணி உறுதி இருக்கும் பெட்டியிலேயே அந்தத் தாளையும் பத்திரமாக வைத்துவிடுங்கள்.