இம்மானுவேல் சேகரன் (1924–1957)

முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில் 1924 அக்டோபர் 9 அன்று பிறந்தார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர், பின்பு ராணுவத்தில் ஹவில்தார். ஊருக்குத் திரும்பிக் காங்கிரஸில் இருந்தபடி, தேநீர்க் கடைகளின் தனிக்குவளை உள்ளிட்ட தீண்டாமைக் கொடுமைகளுக்கு எதிராகத் தேவேந்திர குல மக்களைத் திரட்டினார்.

1957 முதுகுளத்தூர் இடைத்தேர்தலை ஒட்டிச் சாதி மோதல் மூண்டது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் அமைதிக் கூட்டம் கூட்டினார். அதற்கு வந்த மற்ற தலைவர்களுக்குச் சமமாக இம்மானுவேலும் நாற்காலியில் அமர்ந்தார். யாருக்காகவும் எழுந்து நிற்கவில்லை என்றே இப்பகுதியில் இன்றும் சொல்வார்கள். நாற்காலி அன்று சிறிய விஷயமல்ல. மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது நிறைய 28 நாள் இருந்தது. தொடர்ந்த கலவரத்திலும், கீழத்தூவல் கிராமத்தில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டிலும் பல உயிர்கள் போயின.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் உள்ள அவர் நினைவிடத்திற்கு மக்கள் ஊர் ஊராக வருகிறார்கள். பெண்கள் தலையில் முளைப்பாரியும் பால்குடமும் இருக்கும். சிலர் மொட்டை போட்டுக்கொள்வதும் உண்டு. அரசியல் தலைவருக்கான அஞ்சலி குலசாமி வழிபாட்டின் சாயலைப் பெற்றிருப்பது இங்கே கவனிக்கத்தக்கது. 2010இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பதித்த தபால்தலையை வெளியிட்டது. 2011 நினைவு நாளில் பரமக்குடியில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் அஞ்சலிக்கு வந்தவர்களும் இறந்தனர். அவருக்குப் பரமக்குடியில் மணிமண்டபம் கட்டப்படும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்தது.