மிர்சாபூர் லேத்தும் காப்புரிமைச் சோதனையும்

காப்புரிமை பெற ஒரு கருவி புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் தொழிலில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாததாகவும் இருக்க வேண்டும். இதில் இரண்டாவது நிபந்தனைதான் கடினம். புதிதா இல்லையா என்பதைப் பழைய ஆவணங்களைப் புரட்டிச் சொல்லிவிடலாம். எளிதில் தோன்றியிருக்குமா என்பதை ஊகித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்திய நீதிமன்றங்கள் இவ்வகை வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் தீர்ப்பு, பாத்திரத்துக்கு மெருகேற்றும் லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைப் பற்றியது.

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரத் தொழில் நடந்துவந்தது. ஆழமில்லாத தட்டுகளை லேத்தின் சுழலும் முனையில் பசையால் ஒட்டியோ, சக்கு எனும் பிடிப்பானில் கவ்வவைத்தோ, சுற்றவிட்டுச் சுரண்டி மெருகேற்றுவது வழக்கம். எதிர்ப்பக்கத்தில் தாங்கல் கிடையாது. சுற்றும் வேகத்தில் தட்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். வேலை செய்பவர்களுக்கு அது ஆபத்து. இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் இதற்கு வழி கண்டார். நெம்புகோலோடு கூடிய ஓர் அழுத்தத் தண்டை எதிர்ப்பக்கத்தில் பொருத்தினால், தட்டு நகராமல் இறுகி நிற்கும். 1951 டிசம்பர் முதல் செல்லும்படி இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஊரின் இன்னொரு நிறுவனம் இம்முறையைக் கையாண்டதால் வழக்கு மூண்டது.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மீட்டுக் கொடுத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ரத்து செய்தது. அழுத்தத் தண்டும் நெம்புகோலும் லேத் தொழிலில் நெடுங்காலமாகத் தெரிந்தவை. அவற்றைப் பாத்திரம் பிடிக்கப் பயன்படுத்தியது பட்டறையில் இயல்பாக நடக்கும் சீர்திருத்தமே என்றது நீதிமன்றம். கருவி பயன் தந்தது, ஆபத்தையும் குறைத்தது. ஆனால் பயன் வேறு, கண்டுபிடிப்பு வேறு. ஒரு தொழிலாளியின் உடலைக் காத்த மாற்றத்துக்குச் சட்டம் உரிமை மறுப்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கைவினைஞர் எவரும் செய்யக்கூடியதை ஒருவருக்கே உரிமையாக்கினால், மற்றப் பட்டறைகளில் அதே பாதுகாப்பு வருவது தடைப்படும்.

சோதனையை நடத்தும் முறையையும் தீர்ப்பு வகுத்தது. விண்ணப்பம் செய்த காலத்தில் தொழிலில் இருந்த பொது அறிவு கொண்ட, திறமையான கைவினைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். புதிய கருவியை அவர் பார்த்ததில்லை. தட்டு பறக்கும் சிக்கல் மட்டும் அவர்முன் இருக்கிறது. அன்றிருந்த நூல்களும் இயந்திரங்களும் அவரை இந்தத் தீர்வுக்குக் கொண்டுசேர்த்திருக்குமா என்பதே கேள்வி. தவறு நேர்வது இங்கேதான். விடையைப் பார்த்துவிட்ட பிறகு எந்தக் கணக்கும் சுலபம். ஆகவே தீர்ப்பளிப்பவர் தமக்குத் தெரிந்த விடையை ஒதுக்கிவைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

பழைய உறுப்புகளால் ஆனது என்பதாலேயே ஒரு கருவி தோற்றுவிடாது. அவை ஒன்றோடொன்று இணைந்து, தனித்தனியே தராத புதிய விளைவைத் தந்தால் காப்புரிமைக்கு இடமுண்டு. தெரிந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனியாகச் செய்யும்படி வெறுமனே சேர்த்துவைப்பதை 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.