தாடையைச் சீராக்கும் அறுவை சிகிச்சை: காரணம் தெரிந்த பிறகே கத்தி

சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோவில் போன்ற ஊர்களிலும் இளைஞர்கள் இப்போது தாடையின் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கைபேசிச் செயலி ஒரு நொடியில் முகத்தைச் செதுக்கிக் காட்டிவிடுகிறது. மருத்துவம் அப்படி அவசரப்படுவதில்லை.

எலும்பா, தசையா, பற்களின் பொருத்தமா?

தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு மெல்லும் தசை பருத்து, முகம் அகன்று தெரியலாம். இதற்குக் கத்தி தேவையில்லை. போட்டாக்ஸ் ஊசி போட்டால் தசை மெலியும். பலன் சில மாதங்களே நிற்கும்.

எலும்பே அகலமாக இருந்தால் காதுக்குக் கீழுள்ள தாடை மூலையைக் குறைப்பார்கள். மோவாய் உள்வாங்கியிருந்தால் அந்த எலும்பை வெட்டி முன்னே நகர்த்துவார்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தாதவர்களுக்குத் தாடையையே நகர்த்த வேண்டியிருக்கும்; பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் பல்லுக்குக் கிளிப் போடுவார்கள். கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை அறுவை மருத்துவர் ஹூகோ ஓப்வேகெசர் 1957-இல் விளக்கி எழுதினார். இன்றும் அதுவே அடிப்படை.

ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், அது சொத்தைப் பல்லின் சீழாகவோ கட்டியாகவோ இருக்கலாம். புகையிலை போடுபவர்கள், புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய ஆறாத வாய்ப்புண்ணையும் அலட்சியம் செய்யக் கூடாது.

என்ன மாறியிருக்கிறது?

சி.டி. ஸ்கேனைக் கொண்டு கணினியில் முப்பரிமாண மாதிரி உருவாக்கி, எங்கே எவ்வளவு வெட்டுவது என முன்பே திட்டமிடுகிறார்கள். அதற்கேற்ற வழிகாட்டி அச்சையும் முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கலாம். மீயொலி அதிர்வுக் கருவி எலும்பை வெட்டும்போது நரம்புக்குச் சேதம் குறைகிறது. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுவதால் வெளியே தழும்பு தெரியாது. நகர்த்திய எலும்பை டைட்டானியத் தகடுகள் பிடித்துக்கொள்ளும்.

ஆபத்தும் உண்டு

கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். சிலருக்கு அது நிரந்தரமாகிவிடும். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, இரு பக்கமும் சமமில்லாமை ஆகியவையும் நேரலாம். வீக்கம் வடியப் பல வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் கஞ்சி, கூழ்தான் உணவு. எலும்பு வளர்ச்சி முடியாத வயதில் பொதுவாக இதைச் செய்வதில்லை.

எங்கே கேட்பது?

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் முதலில் காட்டலாம். புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டிருக்கிறது. இந்த அறுவைக்கு, வாய்–முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். பெற்றவரோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் தகுதியானவர். அழகு நிலைய விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்; ஸ்கேனைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லும் மருத்துவரிடம் போங்கள்.