ஒரு ஊக்கும் மூவாயிரம் ரூபாயும்!

என் பைக்குக்கு நமணசமுத்திரத்தின் மேல் அப்படி என்ன பாசமோ! புதுக்கோட்டையிலிருந்து திருமயத்துக்கு ஆபீஸ் போகும்போதெல்லாம், சொல்லி வைத்தாற்போல் அந்த ஊர்ப் பக்கம் வந்ததும் நின்றுவிடும். உதைப்பேன். வராது. சட்டை நனைய உதைத்து, கடைசியில் வெறுத்துப்போய், பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால்... ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும்!

மானேஜர் முதல் நாள் நம்பினார். மூன்றாம் நாள், "வண்டி நின்னு போச்சா, இல்லே டீக்கடையில நீங்க நின்னுட்டீங்களா?" என்றார். ஐந்தாம் நாள் கேட்கவில்லை. மெமோ கொடுத்துவிட்டார்.

டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன். முதலில் பிளக்கை மாற்றினார்கள். நின்றது. காயிலை மாற்றினார்கள். நின்றது. "கார்புரேட்டர் போயிடுச்சு சார்" என்று அதையும் மாற்றி, பழசையெல்லாம் ஒரு பையில் போட்டு, அஸ்தி மாதிரி கையில் கொடுத்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய் காலி. மறுநாள்? அதே நமணசமுத்திரம்!

அன்று தள்ளிக்கொண்டு நடந்தபோதுதான் அந்தத் தகரக் கொட்டகை கண்ணில் பட்டது. வாசலில் வேப்பமரம். போர்டு கிடையாது. ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கதையைச் சொன்னேன். மனுஷன் ஸ்பானரைத் தொடவே இல்லை.

"படக்குனு நிக்குதா, இழுவை கொறஞ்சு திணறி நிக்குதா?"

"திணறித்தாண்ணே."

"படக்குனு நின்னா கரண்டு. திணறி நின்னா பெட்ரோல். பெரும்பாலும் இதான் கணக்கு. டேங்க் நெறைய இருந்தாலும் நிக்குதா?"

"அதுதான் அநியாயம்ணே. நெறைய இருந்தா இன்னும் சீக்கிரமா நிக்குது!"

சிரித்தார். "நின்னதும் என்ன பண்ணுவீங்க?"

உதைப்பது, வெறுப்பது, மூடியைத் திறப்பது எல்லாம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். எத்தனை நாள் கேட்டிருப்பேன், அந்தச் சத்தத்தை!

"வீட்டுல எண்ணெய் டின்னுக்கு எத்தனை ஓட்டை போடுவீங்க தம்பி?"

"ரெண்டு."

"ஏன்?"

அப்போதுதான் உறைத்தது. ஒரு ஓட்டையில் எண்ணெய் வரவேண்டுமென்றால் இன்னொன்றில் காற்று போகவேண்டும். என் டேங்க் மூடியிலும் காற்று போக ஒரு சின்னத் துவாரம் உண்டாம். நம்ம ஊர்ச் செம்மண் புழுதியும், வாட்டர் வாஷ் தண்ணீரும் சேர்ந்து அதை அடைத்திருக்கின்றன. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம். பத்து கிலோமீட்டரில் பெட்ரோல் வருவது நின்றுவிடும். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே குறைவு. அதனால் இன்னும் சீக்கிரம் நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று போய்விடும், வண்டியும் கிளம்பிவிடும். நோயாளியே வைத்தியம் செய்துகொண்டு, அது வைத்தியம் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்!

சாவிக்கொத்தில் தொங்கிய ஊக்கை எடுத்துக் குத்தி, வாயால் ஊதினார். முடிந்தது.

"எவ்வளவுண்ணே?"

"ஊதினதுக்கு என்னத்த வாங்குறது? ஒரு டீ சொல்லுங்க."

மனசு கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை லீவில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சாமான் மாத்தினா பில்லு போடலாம் தம்பி. கண்டுபிடிச்சதுக்குப் போட்டா சண்டைக்கு வருவாங்க. லூஸா இருந்த ஒரு வயரை இறுக்கிட்டு நூத்தம்பது கேட்டேன். 'இதுக்கா?'ன்னு கேட்டுட்டு அம்பதைத் தூக்கி வீசினாரு. அப்ப மெக்கானிக் என்ன பண்ணுவான்? தேவையில்லாம ஒரு பிளக்கை மாத்துவான்."

"நீங்க மாத்தியிருக்கீங்களாண்ணே?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "மாத்தியிருக்கேன். வயிறுன்னு ஒண்ணு இருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. கேட்காமலே மூவாயிரம் கொடுத்த நான், கண்டுபிடித்தவருக்கு ஒரு டீயோடு கிளம்பி வந்தவன்தானே!

அன்று முழுக்க வேடிக்கை பார்த்தேன். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொள்கிறார், அதுதான் ஸ்டெதஸ்கோப். கழற்றிய பிளக்கைத் துடைக்க விடமாட்டார், நிறம் பார்க்கவேண்டுமாம். இளம்பழுப்பு என்றால் என்ஜின் சௌக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே ஏறுகிறது, பர்ஸைத் தயார் பண்ணுங்கள்!

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து, மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டே இல்லை. பரணில் கிடந்த ஜெனரேட்டர்களெல்லாம் இவரிடம் வந்தனவாம். பலவற்றுக்கும் ஒரே வியாதி: மாதக்கணக்கில் நின்ற பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி, ஜெட் துவாரத்தை அடைத்திருந்தது. "தண்ணி மோட்டார் ஓடணும்னு ஊரே நிக்குது. அப்ப போய் பேரமா பேசுறது?"

இப்போது புதுத் தலைவலி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்ததில், பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். கோளாறென்றால் மீட்டரில் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் கோடு நம்பர் காட்டும். அந்தக் கருவியை வாங்கி வைத்திருப்பது உதவிக்கு இருக்கும் பையன். புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் 2 வருடம் மோட்டார் மெக்கானிக் படித்தவன். பெரியவருக்கும் ஸ்கேனருக்கும் மாமியார் மருமகள் உறவு!

"அது 'சென்சார்'னு காட்டும். சென்சார் போச்சா, அதுக்குப் போற வயர் போச்சான்னு நாமதான் பாக்கணும். போன வாரம் இவன் புது சென்சார் வாங்கக் கெளம்பிட்டான். வயரைத் தடவிப் பாத்தா, எலி கடிச்சிருக்கு!"

பையன் தலையைச் சொறிந்தான். "ஆனா ஸ்கேனர் இல்லேன்னா எந்த வயர்னு தெரிஞ்சிருக்காதுல்ல மாமா?" என்று முணுமுணுத்தான். அதுவும் நியாயம்தான். பெரியவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

கிளம்பும்போது இருநூறு ரூபாயை நீட்டினேன். "எதுக்கு?" என்றார். "கண்டுபிடிச்சதுக்கு" என்றேன். நூறை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குள் ஒரு வாத்தியார் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பையன் ஒரு கையில் ஸ்பானர், ஒரு கையில் ஸ்கேனரோடு பாய்ந்தான்.

"ரெண்டையும் கீழ வை. மொதல்ல சாரைக் கேளு!"

பையன் பணிவாகக் கேட்டான்: "சார், கடைசியா எப்ப பெட்ரோல் போட்டீங்க?"

வாத்தியார் யோசித்தார். யோசித்துக்கொண்டே டேங்க் மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். வண்டியை ஒருமுறை ஆட்டியும் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து அசடு வழிந்தார்.

பையன் தன் வண்டியிலிருந்து அரை லிட்டர் பிடிக்கப் போனான்.