ஜவ்வா? பபிள் கம்மா?
வகுப்பு நீண்டால் 'ஜவ்வா இழுக்குறாரு' என்போம். விடாமல் கூடவே வருபவனுக்கு 'பபிள் கம்' என்று பட்டப்பெயர். பபிள் கம் இழுபடுவதற்குக் காரணம் அதன் நீளமான பாலிமர் சங்கிலிகள். இழுத்தால் நீளும், சட்டென்று அறாது. சூயிங் கம்முக்கு முன்பு சப்போட்டா மரத்தின் பாலைக் காய்ச்சினார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். குமிழ் ஊதும் பபிள் கம்மை 1928-ல் அமெரிக்காவில் வால்டர் டீமர் வெற்றிகரமாகச் செய்தார். நம்ம பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 சப்போட்டாவின் பிஞ்சைக் கீறினாலும் பால் கசிந்து விரலில் ஒட்டும்.

நானும் ஒருவனை 'பபிள் கம்' என்று கேலி செய்தவன்தான். எனக்கு மூன்று அரியர் விழுந்தபோது, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தந்தது அவன்தான். இப்பவும் அதே பேர்தான். அர்த்தம் மட்டும் மாறிப்போச்சு!