நேர்க்கூற்றும் அயற்கூற்றும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கொண்டு சேர்ப்பது நாம் அனைவரும் அன்றாடம் செய்யும் செயல். இதனை இருவகையாகச் செய்யலாம். சொன்னவரின் வாய்மொழியை மாற்றாமல் அப்படியே எடுத்துரைப்பது நேர்க்கூற்று. அதன் பொருளை நம் வாக்கியமாக்கிக் கூறுவது அயற்கூற்று. ஆங்கிலத்தில் இவற்றை டைரக்ட் ஸ்பீச், ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்பர். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு ஆங்கில இலக்கணத்தில் பெருந்தொல்லை தருவது இப்பகுதியே. ரென், மார்ட்டின் ஆகிய இருவர் எழுதிய இலக்கண நூலில் விதிகள் வரிசையாக உள்ளன. அவ்விதிகள் ஏன் பிறந்தன என்பது விளங்கிவிட்டால் மனப்பாடம் செய்யும் சுமை பாதியாகக் குறையும்.

நோக்குநர் மாறுகிறார்

முதலில் தமிழ் எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். முருகன், "நான் நாளை இங்கே வருவேன்" என்றான். இது நேர்க்கூற்று. முருகன் தான் மறுநாள் அங்கே வருவதாகக் கூறினான். இது அயற்கூற்று. 'நான்' என்பது 'தான்' ஆயிற்று; 'நாளை' மறுநாளாயிற்று; 'இங்கே' அங்கே ஆயிற்று. மேற்கோள் குறி மறைந்தது.

இம்மாற்றங்களுக்கெல்லாம் காரணம் ஒன்றே. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்பவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் அசையாதிருக்கிறார். சாலையோரம் நிற்பவருக்கோ அவர் விரைந்து செல்கிறார். ஆள் ஒருவரே, பார்க்கும் இடம்தான் வேறு. இயற்பியலில் இதனை நோக்குநரின் நிலை என்கிறோம். நேர்க்கூற்று, சொன்னவர் நின்ற இடத்திலிருந்து பார்ப்பது. அயற்கூற்று, எடுத்துச் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது.

காலம் ஏன் பின்வாங்குகிறது?

ஆங்கிலம் இக்கொள்கையைக் காலத்திற்கும் விரிக்கிறது. 'ஹி செட், "ஐ வில் கம்"' என்பது 'ஹி செட் தட் ஹி வுட் கம்' ஆகிறது. 'ஆம்' என்பது 'வாஸ்' ஆகவும், 'கேன்' என்பது 'குட்' ஆகவும் மாறுகின்றன. அவர் பேசி முடித்துவிட்டார். எனவே அப்பேச்சினுள் இருந்த காலமும் ஒருபடி பின்னே செல்கிறது. 'ஹி செஸ்' என நிகழ்காலத்தில் தொடங்கினால் இம்மாற்றம் தேவையில்லை. நீர் கொதிக்கும் வெப்பநிலை போன்ற பொது உண்மைகளை மாற்றாமல் விடுவதும் உண்டு.

தமிழ் அவ்வாறு செய்வதில்லை. 'வருவேன்' என்றது 'வருவதாக' என்றும், 'வந்தேன்' என்றது 'வந்ததாக' என்றும் அந்தந்தக் காலத்தைக் காத்து நிற்கின்றன. ஆகவேதான் நம் மாணவர் 'ஹி செட் தட் ஹி வில் கம்' என்று எழுதிவிடுகின்றனர். இதனை அறியாமை என்று நகைப்பது தகாது. ஒரு மொழியின் ஒழுங்கை மற்றொரு மொழியில் செலுத்தியதன் விளைவே அது.

வினாவிலும் இதுவே நிகழ்கிறது. 'எங்கே போகிறாய் என்று கேட்டார்' என்பதில் வினாவின் சொல்வரிசை மாறவில்லை. ஆங்கிலத்திலோ 'வேர் ஆர் யூ கோயிங்' என்பது 'ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்' என்று சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்புகிறது, வினாக்குறியும் போய்விடுகிறது. ஏவல் வாக்கியம் மட்டும் நமக்கு எளிது. 'கதவை மூடச் சொன்னார்' என்னும்போது 'மூட' என்பது செய்யும் பணியையே ஆங்கிலத்தில் 'டு' என்ற சொல் செய்கிறது.

தமிழின் தனிச் செல்வம்

'என' என்னும் இடைச்சொல் ஆறு பொருள்களில் வரும் என்று தொல்காப்பியம் இடையியலில் கூறுகிறது. அதன் உறவான 'என்று' தான் நேர்க்கூற்றைத் தாங்கும் தூண். ஆங்கிலத்தின் 'தட்' கூற்றுக்கு முன்னே நிற்கும். நம் 'என்று' பின்னே நிற்கும். கொங்கு நாட்டில் அதுவே 'ன்னு' என்று சுருங்கி, 'வர்றேன்னு சொன்னாருங்க' என வழங்குகிறது.

'தான்' என்பதோ ஆங்கிலத்தில் இல்லாத வசதி. 'ராமு கோபுவிடம் தான் தோற்றுவிட்டதாகச் சொன்னான்' என்றால் தோற்றவன் ராமு என்பது தெளிவு. 'ராமு டோல்ட் கோபு தட் ஹி ஹேட் ஃபெயில்ட்' என்றாலோ தோற்றவன் யார் என்று மீண்டும் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று 'ஆம்'. 'தேங்காய் விலை ஏறிவிட்டதாம்' என்ற ஒரே சொல்லில், இதை நான் நேரில் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்ற பொருள் அடங்கிவிடுகிறது. நம் பக்கத்தில் 'ஏறிப்போச்சாமா' என்பார்கள்.

பொறுப்பு யாருடையது?

இவ்வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்றது. கேட்டறிந்த செய்தியாயின் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டமும் இதையே சொல்கிறது. மரண வாக்குமூலம் போன்றவை விதிவிலக்குகள்.

நீதிமன்றத்திற்கு வெளியேயும் இப்பொறுப்பு உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நகைக்கடன் பற்றி ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், "என்ன சாமி சொல்றாங்க?" என்று அய்யன் என்னைத்தான் கேட்பார். "மாசக் கடைசிக்குள்ள வட்டி கட்டோணுங்களாமா, இல்லீன்னா ஏலத்துக்கு வருமாமா" என்பேன். அந்த 'ஆமா' தான் கடிதத்தின் சொல்லையும் என் ஊகத்தையும் பிரித்துக் காட்டுகிறது. 'இஃப்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் நிபந்தனை முடிவாகிவிடும். 'மே' என்பதை 'மஸ்ட்' ஆக்கினால் அனுமதி கட்டளையாகிவிடும். மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் சொல்லும்போதும் அப்படியே. அவர்கள் வேறொருவரிடம் சரிபார்க்க வழியில்லை. நம் அயற்கூற்றை நம்பியே மாத்திரை விழுங்குகிறார்கள், கைநாட்டு வைக்கிறார்கள்.

எனவே மாணவ நண்பர்களே, அயற்கூற்றைப் பயிலும்போது மூன்று கேள்விகளை மனத்தில் கொள்வோம். யார் சொன்னது? எப்போது, எங்கே நின்று சொன்னது? அதில் நான் கூட்டியதும் குறைத்ததும் உண்டா? முதல் இரண்டும் தேர்வில் துணை நிற்கும். மூன்றாவது நம் வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.